ஈயப் பற்று

தாத்தா 1930-களில் வாங்கிய, சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை ரயில் எஞ்சின் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. போன மாதம் துடைக்க எடுத்தபோது, அதன் சக்கரம் ஒன்று கையிலேயே பொடிந்து உதிர்ந்தது. யார்மீதும் குற்றமில்லை. வார்க்கும்போது துத்தநாகக் கலவையில் சிறிது ஈயம் சேர்ந்துவிட்டால், பல வருஷம் கழித்து அது தானே விரிசல் விட்டு உதிரும். ஒட்டவைக்க வழி கிடையாது.

கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் பித்தளையில் புதுச் சக்கரம் கடைந்து பூட்டினார். "சக்கரங்களை இணைக்கிற இந்தத் தண்டையும் மாற்றிவிடலாமே, ஸார்! ஈயப் பற்று அசிங்கமாக இருக்கிறது" என்றார்.

"அது இருக்கட்டும்" என்றேன்.

பத்து வயதில் அந்தத் தண்டை ஒடித்துவிட்டுத் தம்பிமேல் பழி போட்டவன் நான். அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் அடிக்கவில்லை, இரவு உட்கார்ந்து ஈயம் வைத்துப் பற்றவைத்தார்.

இங்கிலாந்தில் 1923-இல் டான்காஸ்டர் பட்டறையில் கட்டிய 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்' எஞ்சினுக்குப் பாய்லரே பலமுறை மாறியிருக்கிறது. ஆனாலும் உலகம் அதை அதே எஞ்சின் என்றுதான் சொல்கிறது. பாகங்கள் மாறுவதில் பாவம் ஒன்றுமில்லை. அந்தத் தண்டையும் மாற்றினால் எஞ்சின் அழகாகத்தான் இருக்கும். ஆனால், என் பொய்க்கும் அப்பாவின் மன்னிப்புக்கும் இருக்கிற ஒரே சாட்சி அல்லவா போய்விடும்?