வரைந்த பொருளும் வளரும் விலையும்

இல்லறத்தார்க்கு வகுக்கப்பெற்ற அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியில் நிற்பது மிகுபொருள் விரும்பாமை. நிலம் இவ்வளவு, மனை இவ்வளவு, பொன் இவ்வளவு, தானியம் இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என வரைந்துகொண்டு, அதற்கு மேற்பட்டவற்றில் விருப்பம் அற்றிருத்தலே இவ்விரதம் என்பதை நம் வாசகர்கள் அறிவர். ஆயின், வரையறைக்குள் அடங்கியிருந்த பொருளொன்று, நாம் விரலும் அசைக்காதிருக்கையில், தானே விலை ஏறி எல்லை கடந்துவிடுமாயின் விரதம் பழுதுபட்டதாகுமா? இவ்வினாவை நம்மிடம் எழுப்பியவர் கள்ளக்குறிச்சியில் புளி வாணிபம் செய்துவரும் நம் சமுதாய இளைஞர் ஒருவர்.

2025ஆம் ஆண்டு தீபாவளி. பகவான் மகாவீரர் முக்தி எய்திய நன்னாளை முன்னிட்டு உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துத் திருநறுங்கொண்டைக்குச் சென்றிருந்தோம். அப்பாண்டைநாதரை வழிபட்டுப் படியிறங்கி வருகையில் அவ்விளைஞர் நம்மை வணங்கி, "ஐயா, தங்களிடம் தனியே ஒன்று கேட்க வேண்டும்" என்றார். சில ஆண்டுகளுக்கு முன் தம் பாட்டியார் முன்னிலையில் அவர் பொருள் வரையறை ஏற்றவர். பணமும் வைப்புத் தொகையும் அவை போன்ற பிறவும் சேர்ந்து 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படலாகாது என்பது அவர் வகுத்துக்கொண்ட எல்லை. 2022ஆம் ஆண்டின் இறுதியில், உலகெங்கும் விலை வீழ்ந்து கிடந்த வேளையில், 80,000 ரூபாய்க்கு அவர் பிட்காயின் எனும் கிரிப்டோ நாணயத்தில் ஒரு சிறு பகுதியை வாங்கினார். புதுக்கணக்கு எழுதும்பொழுது பார்க்க, அது ஐந்தரை லட்சத்தைக் கடந்திருந்தது. வங்கியிலிருந்த 6 லட்சத்தோடு கூட்டினால் வரையறை உடைந்துவிட்டது. "நான் ஒன்றும் சேர்க்கவில்லையே ஐயா. அன்று வாங்கிய அளவுதானே இன்றும் இருக்கிறது?" என்றார்.

வினாவின் ஆழத்தை உணர, அப்பொருளின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். கிரிப்டோ நாணயம் என்பது எந்த அரசும் அச்சிடாத, கையில் ஏந்த இயலாத பணம். உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் ஒரே பேரேடு படியெடுத்து வைக்கப்பட்டுள்ளது. யாருடைய கணக்கிலிருந்து யாருடைய கணக்குக்கு எவ்வளவு சென்றது என்பது அதில் எவரும் காணுமாறு பதிவாகிறது. 2009இல் தோன்றிய பிட்காயினில் மொத்தம் 2 கோடியே 10 லட்சம் நாணயங்களுக்கு மேல் உண்டாக்க இயலாது என்பது அதன் விதி. ஒன்றைப் பத்துக் கோடிக் கூறாக்கலாம். ஆதலின் நூறு ரூபாய்க்கும் வாங்க முடிகிறது. அயல்நாட்டில் உழைப்போர் எல்லை கடந்து பணம் அனுப்ப இது பயன்படுவதுண்டு. எல் சால்வடார் நாடு 2021இல் இதனைச் சட்டபூர்வ நாணயமாகவே அறிவித்து, வணிகர் அனைவரும் ஏற்க வேண்டுமென்ற கட்டாயத்தை 2025இல் நீக்கியது. கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் இதனைக் கொடுத்து ஒரு படி அரிசியும் வாங்க முடியாது. இங்கே இது வாங்கி வைக்கவும் விற்கவும் மட்டுமே பயன்படுகிறது.

இளைஞர் தம் பக்கத்து நியாயத்தையும் நன்றாகவே எடுத்துரைத்தார். நெல் வாணிபத்தில் அந்தும் வண்டும் மடிகின்றன. வண்டியோட்டத்தில் உயிர்கள் நசுங்குகின்றன. தராசில் குறை வைக்க மனம் சபலப்படுகிறது. இந்நாணயத்திலோ பூச்சியில்லை, பாரமில்லை, கள்ள எடையில்லை. சமணன் செய்யத்தக்க வாணிபம் இதைவிடத் தூயது உண்டோ என்று கேட்டார். இதனை எளிதில் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. உயிர்க்கொலைக்கு அஞ்சியே நம் முன்னோருள் பலர் சில தொழில்களை விட்டுச் சில தொழில்களைக் கொண்டனர்.

எனினும் அத்தூய்மை முழுமையானதன்று. பிட்காயின் பேரேட்டில் புதிய பக்கம் சேர்க்கும் உரிமைக்காக உலகெங்கும் எண்ணற்ற இயந்திரங்கள் இரவும் பகலும் ஓர் எண்ணை ஊகித்துக்கொண்டே இருக்கின்றன. ஏறத்தாழ 10 நிமிடத்துக்கொரு முறை ஒரு ஊகம் வெல்கிறது. ஏனைய கோடானுகோடி ஊகங்களுக்குச் செலவான மின்சாரம் வெப்பமாகிப் போகிறது. அவ்வீண் முயற்சியே பேரேட்டுக்குக் காவல் என்பர் அதனை ஆதரிப்போர். குணவிரதங்களில் ஒன்றான அநர்த்ததண்ட விரதம், பயனின்றி உயிர்களுக்கு வரும் துன்பத்தை விலக்கச் சொல்கிறது. அதன் நோக்கில் இக்காவலின் விலை மிகுதியெனவே நமக்குப் படுகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த எத்தீரியம் எனும் நாணயம் 2022 செப்டம்பரில் முறையை மாற்றித் தன் மின்செலவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் குறைத்துக்கொண்டது. ஆகவே இது தீர்க்கக்கூடிய குறையே.

இனி, "இது வெறும் எண்தானே, பொருள் எனப்படுமா?" என்ற ஐயம். இதற்கு 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றமே விடை பகர்ந்தது. 2024 ஜூலை 18ஆம் நாள் வாசிர்எக்ஸ் எனும் இந்தியச் சந்தை நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவாடப்பட்டன. அதன்பின் அனைவருடைய கணக்குகளும் முடக்கப்பட்டன. களவுபோனவற்றில் சேராத வேறுவகை நாணயம், எக்ஸ்ஆர்பி எனப்படுவது, வைத்திருந்த சென்னைப் பெண்மணி ஒருவர், பிறர் இழப்பைத் தம் தலையிலும் பங்கிடுவது முறையன்று என வழக்குத் தொடுத்தார். கிரிப்டோ நாணயம் அரசு நாணயமன்று, ஆயினும் உடைமையே. உடையவரால் அனுபவிக்கவும், பிறரால் நம்பிக்கையின் பேரில் காத்து வைக்கப்படவும் தக்கது என்று நீதிமன்றம் கூறி, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பும் அளித்தது. சட்டம் உடைமை என்று சொன்ன பிறகு விரதக் கணக்கில் அதனை விட்டுவிடுவது எங்ஙனம்? சட்டம் சொல்லாவிடினும் தத்துவார்த்த சூத்திரம் செய்த உமாஸ்வாமி ஆசாரியர் மூர்ச்சையையே, அஃதாவது 'எனது' எனும் மயக்கத்தையே, பரிக்கிரகம் என்று வரையறுத்திருக்கிறார். எண்ணின்மேலும் மயக்கம் படரும்.

இளைஞர் சொன்ன தீர்வு ஒன்றுண்டு. நிலத்தைக் காணியாலும் பொன்னை எடையாலும் வரையறுப்பதுபோல் நாணயத்தையும் எண்ணிக்கையால் வரையறுத்துவிட்டால், விலை எவ்வளவு ஏறினும் விரதம் குலையாதன்றோ? கேட்பதற்கு நேர்த்தியாகவே இருந்தது. பவுன் கணக்கில் வரையறை செய்துகொண்ட நம் தாய்மார் எவரும் பொன்விலை ஏறியதற்காக விரதம் கெட்டதென்று கலங்கியதில்லை. ஆயினும் அத்தாய்மார் கழுத்திலிருந்த சங்கிலியின் விலையை நாழிகைக்கொரு முறை விசாரித்ததுமில்லை. சமந்தபத்திர சுவாமிகள் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்துக்கு இச்சா பரிமாணம் என்ற மற்றொரு பெயரும் உண்டென்கிறார். அளவிடப்படுவது இச்சை. பெட்டியிலுள்ளதை எண்ணுவது அதற்கொரு வழி.

அவ்வாசாரியர் இவ்விரதத்துக்குக் கூறும் ஐந்து அதிசாரங்களை இங்கு நினைவுகூர்வது தகும். அதிவாகனம், அதிசங்கிரகம், விஸ்மயம், லோபம், அதிபாரவாகனம் என்பன அவை. மாடுகளைத் தாங்கொணாத் தொலைவு ஓட்டுதல் முதலாவது, அளவுக்கு மீறிப் பாரமேற்றுதல் ஐந்தாவது. ஆசையின் சுமை முதலில் வாயில்லாப் பிராணியின் முதுகில்தான் ஏறுகிறது என்பதை அக்காலத்தவர் கண்கூடாகக் கண்டிருந்தனர். நடுவிலுள்ள மூன்றும் நம் பொருளுக்கு உரியவை. பின்னொரு நாள் பெருவிலை தரும் என்று மிகுதியாகச் சேர்த்து வைத்தல் அதிசங்கிரகம். தக்க ஊதியம் கிடைத்த பின்னும் இன்னும் வேண்டுமென விழைதல் லோபம். விஸ்மயம் என்பதற்கு உரையாசிரியர் பிரபாசந்திரர் தரும் விளக்கமே நம்மை வியக்க வைத்தது. இசைந்த ஊதியத்துக்கு ஒன்றை விற்ற பின்னரோ, முதலிலேயே அதனைக் கொள்ளாமல் விட்ட பின்னரோ, அதே சரக்கில் பிறர் மிகுதியாக ஈட்டக் கண்டு மனம் நோதல் என்கிறார். பல நூற்றாண்டுகளுக்கு முன் சரக்கு வணிகர்க்கு எழுதப்பட்ட உரை இது.

இதனை எழுதுங்கால் நம் குறையையும் மறைத்தல் ஆகாது. 2017இல் உறவினர் ஒருவர் இந்நாணயத்தை வாங்குமாறு நம்மை வற்புறுத்தினார், நாம் மறுத்தோம். 2021 நவம்பரில் அதன் விலை 69,000 டாலரை எட்டியபோது, வாங்கியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்குமே என்று இரவில் படுக்கையில் கணக்கிட்டதுண்டு. மறு ஆண்டு அது 16,000 டாலர்க்கும் கீழே வீழ்ந்தபோது உள்ளூர மகிழ்ந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஒரு நாணயமும் கொள்ளாமலே அதிசாரத்தில் விழுந்தவர்கள் நாம்.

புளி வாணிபரான அவ்விளைஞரிடம் புளியை வைத்தே பேசினோம். மாசி பங்குனியில் கல்வராயன் மலை ஊர்களில் புளி உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை நீக்கிக் கீழே இறங்கும். வணிகர் வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் வைத்து, வரத்து இல்லாத மாதங்களில் விற்பர். இதுவும் சேமித்து விலைக்குக் காத்திருத்தலே. எனினும் மாசியில் கிடைத்ததை ஐப்பசியில் உண்பார்க்குக் கொண்டு சேர்க்கும் பணி அதிலிருக்கிறது. அன்றியும் புளி தானே எல்லை வகுக்கும். வெளியில் வைத்தால் கறுக்கும்; கிடங்கில் வைத்தால் வாடகை ஏறும்; அடுத்த மாசியில் புதுப்புளி வந்துவிடும். எவ்வளவு ஆசைப்பட்டவனும் ஒரு நாள் விற்றே தீரவேண்டும். நாணயத்துக்குக் கறுத்தலுமில்லை, கிடங்கு வாடகையுமில்லை, புது வரத்து வந்து பழையதைத் தள்ளுவதுமில்லை. பொருள் தரும் எல்லை எதுவுமில்லாத இடத்தில் எல்லை முழுவதையும் நாமே தரவேண்டியிருக்கிறது.

அதுவரை வாதிட்டு வந்தவர் இதைக் கேட்டு மௌனமானார். பின்னர் 2025 மாசித் திங்களில் நிகழ்ந்ததொன்றைச் சொன்னார். கொள்முதலுக்காக வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூர் ஒன்றில் மூன்று நாள் தங்க நேர்ந்ததாம். அங்குச் செல்பேசிக்கு அலைவரிசை கிடையாது. முதல் நாள் மாலையே மனம் நிலைகொள்ளவில்லை. இரண்டாம் நாள் விடியலில், மூட்டைகளை எடை போட மலைமக்கள் காத்திருக்க, ஊருக்கு மேலிருந்த பாறைமீது ஏறினார். அங்கே இரண்டு கோடு அலைவரிசை கிடைத்தது. அன்று சந்தை வீழ்ச்சி. அவர் பங்கு முன்னிருந்த உச்சத்திலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல் குறைந்திருந்தது. இறங்கி வந்தவர் ஒரு முதியவரிடம் எடையில் சிடுசிடுத்தாராம். "அந்தப் பெரியவர் என்ன செய்தார் ஐயா? என் முகத்தைப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்" என்று சொல்கையில் அவர் குரல் தாழ்ந்தது.

அவர் வீட்டில் இந்நாணயத்தைப் பற்றி எவர்க்கும் தெரியாது என்பதும் அப்போதுதான் வெளிவந்தது. சந்தை நிறுவனத்தில் வைத்தால் களவு போகும் என அஞ்சித் தாமே காக்கும் முறைக்கு மாற்றியிருக்கிறார். அம்முறையில் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களே திறவுகோல். அச்சொற்களை அறிந்தவன் உடையவன். அவை மறைந்தால் பொருளும் மறைந்தது. பிரிட்டனின் நியூபோர்ட் நகரில் ஒருவர் பல்லாயிரம் பிட்காயின்களுக்குரிய திறவுகோல் இருந்த வன்தட்டு 2013இல் குப்பையோடு போய்விட, அக்குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி வேண்டிப் பல்லாண்டு போராடினார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளியது. நம் இளைஞர் சொற்களைத் தாளிலெழுதி எங்கோ வைத்திருக்கிறார். அவ்விடம் மனைவிக்கும் தெரியாது. இல்லறத்தான் பொருள் ஈட்டுவது குடும்பம் பேணவும் நால்வகைத் தானம் செய்யவும். தன்னோடு மறைந்துபோகும் பொருள் இரண்டுக்கும் உதவாது.

வரியைப் பற்றி ஒரு சொல். 2022 ஏப்ரல் முதல் இவ்வகை ஊதியத்துக்கு 30 விழுக்காடு வரி. ஒன்றில் வந்த இழப்பை மற்றொன்றின் ஊதியத்தில் கழிக்கவும் இயலாது. பரிசுச் சீட்டில் விழுந்த பணத்துக்கும் அதே விழுக்காடுதான் என்பது சிந்திக்கத்தக்கது. தமிழ்நாட்டில் 2003இல் பரிசுச் சீட்டு விற்பனை தடைசெய்யப்பட்டதை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். வரியை மறைப்பது கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றான விருத்த ராஜ்யாதிக்கிரமத்தில் அடங்கும்.

இனி நம் கருத்து. வீட்டார் அறிய, வரி செலுத்தி, வரையறைக்குள் அடங்குமாறு ஒருவர் இந்நாணயத்தை வைத்திருப்பாரேல் அது சிராவக தர்மத்துக்கு முற்றும் விரோதம் என்று கூற நமக்குத் துணிவில்லை. நாள்தோறும் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து வாங்கி விற்பதும், கடன் பெற்று நாளைய விலைமேல் பந்தயம் கட்டுவதும் வாணிபம் ஆகா. அவை ஏழு வியசனங்களுள் முதலாவதாகிய சூது. இடையில் உள்ளவர்க்கு, அஃதாவது விற்பதுமில்லை, பார்ப்பதை விடுவதுமில்லை என்றிருப்போர்க்கு, என்ன சொல்வதென்று நாமும் நெடுநேரம் எண்ணினோம். எல்லைக்கு மேற்பட்டதை விற்று, வரி போக எஞ்சியதைத் தானத்தில் செலுத்துவதே நூல்நெறி என்று அவரிடம் கூறினோம். "விற்ற மறுநாள் இரட்டித்தால்?" என்றார். உடனே தாமே நகைத்து, "அதுதானே ஐயா விஸ்மயம்" என்றார்.

அன்று அவர் விற்பதாக வாக்களிக்கவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. அன்றிரவே பாட்டியாரிடமும் மனைவியிடமும் அனைத்தையும் சொல்லிவிடுவதாக மட்டும் கூறினார். அடுத்த மாசிக் கொள்முதலுக்கு அதே ஊருக்குச் செல்லவேண்டியிருக்கிறதாம். மூன்று நாளும் அப்பாறைமீது ஏறாமல் இருக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, முடியாவிடில் கீழே இறங்கியவுடன் விற்றுவிடுவதாகவும், எதுவாயினும் நமக்குக் கடிதம் எழுதுவதாகவும் சொல்லிப் பேருந்து ஏறினார்.