‘போக வேண்டாம்’ என்றவள்

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில், போருக்குப் போக வேண்டாம் என்று வெள்ளையம்மாள் கணவனிடம் மன்றாடும் பாட்டு வரும்போது எங்கள் வீட்டுப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆண்கள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்கள். அவள் சொல்வதை ஒரு வாதமாக யாருமே கேட்டதில்லை. கெட்ட கனவு கண்டவளின் புலம்பல், வெள்ளையத்தேவனின் வீரத்தைத் தூக்கிக் காட்டும் ஒரு தடை, அவ்வளவுதான்.

‘போக வேண்டாம்’ என்பவள் கோழையா?

முத்துக்குளிப்பு நடந்த காலத்துத் தூத்துக்குடியில் இந்தக் கேள்விக்கு ஒரு விடை இருந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்குகிறவனின் கயிறு தோணியில் நிற்பவர் கையில் இருக்கும். அதை மனைவியின் உடன்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள் என்று இங்கே சொல்வதுண்டு. தன் அக்கா தங்கை தாலியறுக்க அவன் விடமாட்டான். அவளுடைய அச்சத்தை யாரும் கோழைத்தனம் என்று தள்ளவில்லை. தொழிலுக்குள்ளேயே அதற்கு ஓர் இடம் வைத்தார்கள்.

போருக்குப் போகிறவனின் கயிறு யார் கையில்? வெள்ளையம்மாள் கேட்டது இதைத்தான். ‘அப்படியானால் கும்பினிக்குப் பணிந்து கப்பம் கட்டியிருக்க வேண்டுமா?’ என்று மாணவிகள் என்னிடம் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எதிர்த்து நின்றது சரி என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் காரணம் சரியாக இருப்பதாலேயே, விலை கொடுக்கப்போகிறவளுக்குப் பதில் சொல்லும் கடமை தீர்ந்துவிடாது. வாதத்தில் அவள் தோற்கலாம். பதிலே கிடைக்காமல் விடப்படுவது வேறு.

1799 அக்டோபர் 16, கயத்தாற்றுத் தூக்குமரத்தோடு படம் முடிகிறது. வரலாறு முடியவில்லை. 1801இல் ஊமைத்துரை மீண்டும் எழுந்தார். மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தது. அங்கே எதிர்த்தரப்பில் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி பின்னாளில் தன் நினைவுக்குறிப்புகளில் ஒரு சம்பவத்தை எழுதினார். சண்டை ஓய்ந்த களத்துக்குத் தங்கள் ஆண்களைத் தேடிப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி மகனைக் கண்டுபிடித்தாள், உயிர் இருந்தது. என்னை விடு, அருகில் கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்றான் அவன். அந்தச் சாமி ஊமைத்துரை. பெண்கள் அவரைத் தூக்கிச் சென்றார்கள். தேடிவந்த எட்டயபுரத்து ஆட்களிடம், துணி போர்த்திய உடலைச் சுற்றி ஒப்பாரி வைத்து, பெரியம்மையில் செத்துப்போனான் என்றார்கள். வந்தவர்கள் ஓடிவிட்டார்கள்.

1956இல் வெளிவந்த ‘வார் அண்ட் பீஸ்’ படத்திலும் இதற்கு இணையான ஓர் இடம் உண்டு. நெப்போலியன் மாஸ்கோவை நெருங்கும்போது, வீட்டுச் சாமான்களை இறக்கிவிட்டுக் காயம்பட்ட வீரர்களை வண்டிகளில் ஏற்றச் செய்கிறாள் நட்டாஷா. ஆட்ரி ஹெப்பர்ன் நடித்த அவளை உலகமே அறியும். அவள் கற்பனைப் பாத்திரம். நம்முடையவள் ரத்தமும் சதையுமாக வாழ்ந்தவள், அவளுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை.

அவளைத் தியாகத்தாய் ஆக்கவும் எனக்கு மனமில்லை. அவள் காப்பாற்றியது ஒரு தலைவரை என்பதால்தான் அந்தப் பக்கத்தில் இடம் கிடைத்தது. மகனை மட்டும் தூக்கிப் போயிருந்தால்? அதே களத்தில் தன் பிள்ளையை மட்டும் தேடிய மற்ற பெண்களின் செயல் எந்த வகையில் குறைந்தது? சாகத் துணிவதை மட்டுமே வீரம் என்று எண்ணும் கணக்கில் அவர்கள் வரமாட்டார்கள். வெள்ளையம்மாளும் வரமாட்டாள்.

அடுத்த முறை வகுப்பில் இந்தப் படத்தைப் போடும்போது அந்தப் பாட்டு முடிந்ததும் நிறுத்தப்போகிறேன். வெள்ளையத்தேவன் அவளுக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று மாணவிகளை எழுதச் சொல்லப்போகிறேன்.