துன்பம் ஆசானாகுமா?

பெருந்துன்பத்திற்கு ஆளான ஒருவரிடம் உலகத்தார் வழமையாகக் கூறும் ஆறுதல்கள் சில உள. ‘எல்லாம் நன்மைக்கே’ என்பது ஒன்று. ‘துன்பமே மனிதனைப் புடம்போடுகின்றது’ என்பது மற்றொன்று. ‘காலம் எல்லாவற்றையும் ஆற்றும்’ என்பது பிறிதொன்று. இவை நல்லெண்ணத்துடனேயே கூறப்படுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவற்றுள் ஓர் ஒழுக்கவியற் கூற்று மறைந்து கிடக்கின்றது. துன்பத்திற்குத் தன்னளவிலேயே ஒரு பயன் உண்டு. உரியவாறு அதனை ஏற்பவனுக்கு அப்பயன் கிட்டும். கிட்டாதவிடத்துக் குறை அவனுடையதே என்பதுதான் அக்கூற்று. அது ஏற்கத்தக்கதா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா எமக்கு ஏட்டளவில் நின்றுவிடும் வினாவன்று. 1983 இல் மூண்ட யுத்தம் 2009 மே மாதத்தில் முடிவுற்ற நாடு இது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை இந்நாட்டில் மட்டும் 30,000 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. எம்முடன் ஒரே விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருப்போருட் பலர் தந்தையின் முகத்தைப் புகைப்படத்தில் மாத்திரமே அறிந்தவர்கள். இத்தகைய சூழலிலே துன்பத்தைப் பற்றி நாம் கூறும் ஒவ்வொரு பொதுக்கூற்றும் யாரோ ஒருவரின் செவியில் விழுகின்றது. ஆதலின் அதனைச் சொல்லுமுன் எடைபோட்டுப் பார்க்கும் பொறுப்பு எமக்குண்டு.

பேரிழப்பின் பின் மனித உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. ‘இது ஏன் எனக்கு நேர்ந்தது?’ என்பது முதலாவது. ‘இனி நான் யாது செய்தல் வேண்டும்?’ என்பது இரண்டாவது. முதலாவது கடந்த காலத்தை நோக்கிக் காரணத்தை வேண்டி நிற்பது. இரண்டாவது வருங்காலத்தை நோக்கிக் கடமையை வேண்டி நிற்பது. மேலே குறிப்பிட்ட ஆறுதல்களின் குறைபாடு யாதெனின், முதலாம் வினாவுக்கு விடைகூறுவதன் மூலம் இரண்டாவதையும் அவை தீர்த்துவிட முயல்வதாகும். நேர்ந்ததற்கு ஒரு நற்காரணம் உண்டென நிறுவிவிட்டால், வாழ்வதற்கான நோக்கமும் தானே அமைந்துவிடும் என அவை கருதுகின்றன.

திருக்குறளின் அமைப்பு இவ்விரு வினாக்களையும் வேறுபடுத்தி வைத்துள்ளமை ஈண்டு கருதத்தக்கது. ஊழ் என்னும் அதிகாரம் அறத்துப்பாலின் இறுதியில் 38 ஆவதாக நிற்கின்றது. ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்னும் இரண்டும் பொருட்பாலில் 62 ஆம், 63 ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து வருகின்றன. அரசியல் என வகுக்கப்பட்ட பகுதி இடுக்கணழியாமையுடன் நிறைவுறுகின்றது. துன்பத்தில் தளராமை என்னும் பண்பு துறவறவியலிலே தனிமனிதனின் அகப்பண்பாக வைக்கப்படவில்லை. பலருக்குப் பொறுப்புடைய ஒருவனின் தொழிற்பண்பாக, முயற்சிக்கு அடுத்த நிலையில் அது வைக்கப்பட்டுள்ளது. இடுக்கண் ஏன் வந்தது என்னும் ஆராய்ச்சி அங்கு முதன்மை பெறவில்லை. அதன்முன் ஒருவன் எவ்வாறு நிற்றல் வேண்டும் என்பதே பேசப்படுகின்றது.

இவ்விரண்டாம் வினாவைத் தம் வாழ்வாலேயே ஆராய்ந்தவர்களுள் வியன்னா நகரத்து மருத்துவர் விக்ரர் பிராங்கல் குறிப்பிடத்தக்கவர். 1905 இல் யூதக் குடும்பமொன்றில் பிறந்த அவர், அமெரிக்காவுக்குச் செல்லும் அனுமதி கிட்டியிருந்தும் முதிய பெற்றோரை விட்டுச்செல்ல மனமின்றி வியன்னாவிலேயே தங்கினார். 1942 இல் நாஸிகளால் தெரேசியன்ஸ்ராட் முகாமுக்கும், 1944 இல் அவுஸ்விற்ஸ் முகாமுக்கும், பின்னர் வேறு முகாம்களுக்கும் கொண்டு செல்லப்பட்டு, 1945 ஏப்ரலில் விடுதலை பெற்றார். தந்தை, தாய், சகோதரர், மனைவி ஆகிய நால்வரும் முகாம்களிலே மாண்டனர். மறுவருடமே தம் முகாம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். வாழ்விடம் நாம் எதனை எதிர்பார்க்கின்றோம் என வினவுவதை விடுத்து, வாழ்வு எம்மிடம் எதனை எதிர்பார்க்கின்றது என வினவுதல் வேண்டும் என்பதே அந்நூலின் சாரம். செய்யவேண்டிய பணியொன்றோ, காத்திருக்கும் மனிதரொருவரோ உள்ளார் என்னும் உணர்வே கைதியைத் தாங்கியது என்பது அவர் கண்டது.

இவருடைய வரலாறே துன்பம் ஆசானாகும் என்பதற்குச் சான்றாகப் பலராலும் எடுத்துக்காட்டப்படுகின்றது. ஆனால் அவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்குவோர் அதற்கு மாறான உண்மையையே காண்பர். பிராங்கலின் சிந்தனை முகாமிலே தோன்றியதன்று. 1920களின் இறுதியில் வியன்னாவிலே இளைஞருக்கான ஆலோசனை நிலையங்களை நடத்தியபோதும், 1930களில் உயிரை மாய்க்க முயன்ற பெண்களுக்கு மருத்துவம் செய்தபோதும் அவர் உருவாக்கிக்கொண்ட சிந்தனை அது. அதனை விளக்கும் கையெழுத்துப் பிரதியை அவர் தம் உடைக்குள் மறைத்து அவுஸ்விற்ஸ் வரை கொண்டு சென்றார். அங்கே அது பறிபோயிற்று. முகாம் அவருக்குத் தத்துவத்தைக் கற்பிக்கவில்லை. அவரே தம் தத்துவத்தை முகாமினுள் கொண்டு சென்றார். முகாம் செய்ததெல்லாம் அதனைப் பறித்ததே. மேலும், நோக்கம் காண்பதற்குத் துன்பம் இன்றியமையாதது என அவர் ஒருபோதும் கூறவில்லை. தவிர்க்கக்கூடிய துன்பமாயின் அதன் காரணத்தைக் களைவதே பொருளுள்ள செயல் என்றே வற்புறுத்தினார்.

அதே வியன்னாவில் 1912 இல் பிறந்த மற்றொருவர் ஜான் அமெரி. பெல்ஜியத்தில் நாஸி எதிர்ப்பு இயக்கத்தில் ஈடுபட்டமைக்காக 1943 இல் கைதாகி, பிரேண்டொங் கோட்டையிலே சித்திரவதைக்குள்ளாகி, அவுஸ்விற்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டவர். 1966 இல் வெளியான தம் கட்டுரைகளிலே இவர் மேற்சொன்ன ஆறுதல்கள் யாவற்றையும் மறுத்தார். முகாமிலிருந்து தாம் எவரும் அறிவிலோ பண்பிலோ உயர்ந்து வெளிவரவில்லை என்றார். சித்திரவதைக்குட்பட்டவனுக்கு இவ்வுலகு மீண்டும் இல்லமாவதில்லை என்றார். காலம் ஆற்றும் என்னும் நியதியை உடல் ஏற்கலாம், ஆனால் ஒழுக்க உணர்வு அதனை ஏற்கக் கடமைப்பட்டதன்று என வாதிட்டார். பாதிக்கப்பட்டவனின் ஆறாச்சினம் ஒரு நோயென இகழப்பட்டபோது, குற்றமிழைத்தவன் தன் குற்றத்தின் உண்மையை உணரும்வரை அச்சினத்திற்கு ஓர் ஒழுக்கப் பணி உண்டென நிறுவ முயன்றார். 1978 இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

பிராங்கல் வென்றார், அமெரி தோற்றார் என இவ்வரலாறுகளை வாசிப்பது எளிது. எமது கருத்தில் அது தவறான வாசிப்பு மட்டுமன்று, அநீதியான வாசிப்புமாகும். இருவரும் ஓர் அடிப்படையில் உடன்படுகின்றனர்: துன்பம் தன்னளவில் எதனையும் வழங்குவதில்லை. அதன் பின் எழும் நோக்கம் துன்பத்திலிருந்து பிறப்பதன்று. ஒருவர்மீது இன்னும் நிலைத்திருக்கும் உரிமைக் குரலொன்றிலிருந்து பிறப்பது. பிராங்கலுக்கு அக்குரல் நோயாளரிடமிருந்து வந்தது. அமெரிக்கு அது இறந்தவரிடமிருந்து வந்தது. ஒருவர் குணப்படுத்தினார், மற்றவர் மறக்க மறுத்தார். மறக்க மறுத்தலும் ஒரு பணியே.

இதனை நாம் எம் நாட்டிலேயே காணலாம். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியிலே வீதியோரத்தில் தொடங்கிய தொடர் போராட்டம் ஆண்டுக்கணக்காக நீடித்தது. தம் பிள்ளைகளுக்கு நேர்ந்ததை அறியாமலே அங்கு அமர்ந்திருந்த பெற்றோர் பலர் இறந்துபோயினர். ‘நடந்ததை மறந்து முன்னேறுங்கள்’ என்னும் அறிவுரை அவர்களுக்குத் தாராளமாக வழங்கப்பட்டதுண்டு. ஆனால் அத்தாய்மாரின் உறுதி அவ்வறிவுரையை ஏற்பதில் இல்லை. தம் வினாவைக் கைவிடாமையிலேயே உள்ளது. அவ்வினாவே அவர்களது வாழ்வின் நோக்கமாயிற்று. அதற்கு விடையளிக்க வேண்டியோர் அவர்களுக்கு மனத்தைரியத்தைப் போதிப்பது அறமாகாது.

இவ்விடத்து வாசகர் ஒரு வினாவை எழுப்பலாம். நோக்கம் துன்பத்திலிருந்து பிறப்பதில்லையெனின், துன்பத்தின் பின் பெருஞ்செயல் புரிந்தோரின் வரலாறுகளை எவ்வாறு விளக்குவது? இதற்கு லூயி பிரெயிலின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1809 இல் பிரான்சின் கூப்வ்ரே என்னும் சிற்றூரிலே சேணத் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்த அவர், மூன்று வயதில் தந்தையின் பட்டறையிலே தோல் துளைக்கும் ஊசியால் ஒரு கண்ணை இழந்தார். தொற்றுப் பரவியதால் ஐந்து வயதிற்குள் மறு கண்ணும் பார்வையிழந்தது. பதினைந்து வயதளவிலே, தொட்டு வாசிக்கும் எழுத்து முறையின் அடிப்படையை வகுத்தார். 1829 இல் அது நூலாக வெளிவந்தது. ஊசி கண்ணைப் பறித்து எழுத்தைத் தந்தது எனக் கூறின் கேட்க இனிமையாகவே இருக்கும். ஆனால் அக்காலத்திலே கண்ணிழந்த பிள்ளைகள் ஆயிரமாயிரம் பேர் பிச்சையெடுத்து வாழ்ந்து மடிந்தனர். இழப்பு அவர்களுக்கும் பிரெயிலுக்கும் பொதுவானது. வேறுபட்டது எது?

பிரெயிலைக் கிராமத்துப் பாடசாலையிலே சேர்த்துக்கொண்ட ஓர் ஆசிரியர் இருந்தார். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே வலன்ரைன் ஹவி என்பவர் நிறுவிய பார்வையற்றோர் பாடசாலை பாரிஸில் இருந்தது. 1819 இல் அங்கு அவருக்கு இடம் கிடைத்தது. இருளிலும் வாசிக்கத்தக்க புள்ளியெழுத்து முறையொன்றைச் சார்ள்ஸ் பார்பியே என்னும் படை அதிகாரி அப்பாடசாலைக்குக் கொண்டுவந்தார். பன்னிரு புள்ளிகளைக் கொண்ட அம்முறையை விரல் நுனி ஒரே தொடுகையில் உணரத்தக்க ஆறு புள்ளிகளாகச் சுருக்கியமையே பிரெயிலின் பேரறிவு. அப்பேரறிவுக்கு ஒரு பாடசாலையும், ஒரு முன்மாதிரியும், பரீட்சித்துப் பார்க்கச் சக மாணவரும் தேவைப்பட்டனர். பின்வந்த அதிபர் அம்முறையைத் தடைசெய்தபோது மாணவரே அதனை மறைவாகப் பயன்படுத்திக் காத்தனர். பிரெயில் 1852 இல் இறந்து இரண்டு ஆண்டுகளின் பின்னரே அவரது முறை அப்பாடசாலையில் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. எமது பல்கலைக்கழகங்களிலே விழிப்புலனிழந்த மாணவர் அவ்வாறு புள்ளிகளின் துணையுடன் இன்றும் கற்கின்றனர். அவர்களது உறுதியைப் புகழ்வோர் அவர்தம் பாடநூல் அவ்வெழுத்திற் கிடைக்கின்றதா என்பதையும் வினவுதல் வேண்டும்.

இதே உண்மையை ஜெய்ப்பூர்க் கால் இன்னும் தெளிவாக உணர்த்தும். மேலைநாட்டுச் செயற்கைக் கால்கள் சப்பாத்து அணிவோருக்கும் கதிரையில் அமர்வோருக்கும் உரியன. அவற்றுடன் குந்தியிருக்கவோ, சம்மணமிட்டு அமரவோ, வெறுங்காலுடன் வயற்சேற்றில் இறங்கவோ இயலாது. ஆதலின் இந்தியக் கிராமத்தவர் பலர் அவற்றைக் கைவிட்டனர். 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரிலே கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் சேர்ந்து இறப்பரையும் மரத்தையும் கொண்டு, வளைந்து கொடுக்கும் பாதமொன்றை உருவாக்கினர். ஆப்கானிஸ்தானம், கம்போடியா முதலிய நாடுகளிலே கண்ணிவெடியாற் காலிழந்தோர் அதனால் எழுந்து நடந்தனர். யாழ்ப்பாணத்திலும் அப்பெயர் தாங்கிய நிலையமொன்று யுத்த காலத்திலேயே தோன்றிப் பணியாற்றியது. ஜெய்ப்பூர்ப் பாதம் வருமுன், செயற்கைக் காலை மூலையில் வைத்துவிட்ட உழவனை மனவுறுதி அற்றவன் எனக் கூறியிருப்போமாயின் அது எத்துணைப் பெரிய தவறாக இருந்திருக்கும்! குறை அவன் உள்ளத்தில் இருக்கவில்லை. பாதத்தின் வடிவத்தில் இருந்தது.

இவ்வாறு கூறுவது தனிமனிதனின் சுதந்திரத்தை மறுப்பதாகாதா எனச் சிலர் வினவலாம். ஆகாது. ஒரே பாடசாலையிற் கற்ற அனைவரும் பிரெயில் ஆகவில்லை. உரிய கால் கிடைத்த பின்னரும் எழுந்து நடக்கும் முயற்சி காலிழந்தவருடையதே. எவராலும் பறிக்கவியலாத அந்த இறுதிச் சுதந்திரத்தைப் பிராங்கல் வற்புறுத்தியமை சாலப் பொருத்தமானது. ஆனால் அச்சுதந்திரத்தை ஒருவர் தமக்குத் தாமே கூறிக்கொள்வதற்கும், இழப்பறியாத மற்றொருவர் அவருக்கு அதனை எடுத்துக் கூறுவதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. முன்னது துணிவு, பின்னது பெரும்பாலும் பொறுப்பிலிருந்து நழுவுதல். தளராமையைப் போற்றலாம், பிறரிடம் அதனைக் கோருதல் ஆகாது. கோருவதற்கு எமக்கு உரிமை இல்லை. கொடுப்பதற்கோ எமக்குக் கடமை உண்டு.

தொகுத்து நோக்குமிடத்து, துன்பம் ஆசானன்று. அது எதனையும் கற்பிப்பதில்லை. முன்பே கற்றதையும் சிலவேளை பறித்துச் செல்கின்றது. அதன் பின்னரும் மனிதர் எழுகின்றனரெனின், அவரை வேண்டி நிற்கும் பணியோ மனிதரோ இன்னும் உளர் என்பதும், எழுவதற்கு ஊன்றத்தக்க ஒரு கோலை எவரோ நீட்டியுள்ளனர் என்பதுமே காரணம். கற்றறிந்தோர் கூடியுள்ள பல்கலைக்கழகத்திலே இவ்வுண்மை சொல்லளவில் நின்றுவிடலாகாது. இழந்தவரின் கதையைக் கேட்டு வியந்து கைதட்டுவது எளிது. விரிவுரை மண்டபத்தின் படிக்கட்டருகே ஒரு சாய்தளம் அமைப்பதும், தவறிய பரீட்சையை மீண்டும் எழுத ஒருவருக்கு வழிசெய்வதும், விடை கிட்டாத ஒரு தாயின் வினாவைச் சலிப்பின்றிக் கேட்பதும் அதனினும் அரியன. ஒருவர் எத்துணைத் தாங்குவார் என அளப்பதை விட்டு, அவர் தாங்குவதில் எம்முடைய பங்கு எத்துணை என வினவுவதே அறத்தின் தொடக்கமாகும்.