கழித்த துணிக்குப் புண்ணியம் உண்டா?

போகிக்கு முந்தைய வாரம் பீரோ ஒழிப்பது எங்கள் வீட்டு வழக்கம். மேல்தட்டில் பட்டு, நடுத்தட்டில் ஆபீசுக்குக் கட்டிய வாயில், ஷிபான், கீழ்த்தட்டில் யார் யாரோ கிரகப்பிரவேசத்தில் வைத்துக் கொடுத்து இன்னும் ஃபால்ஸ்கூட அடிக்காத புடவைகள். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. இஸ்திரி போட்ட புடவை தினம் ஒன்று இனி எனக்கு எதற்கு? அதனால் இந்த முறை மளமளவென்று கழித்துப் போட்டேன். கட்டில்மேல் குவியல் ஏறியதைப் பார்த்த மருமகள், “ஆசிரமத்துக்குக் கொடுத்திடலாம் அத்தை, புண்ணியமாவது சேரும்” என்றாள்.

எனக்கு அந்தப் புண்ணியம்தான் இடித்தது. இடத்தை அடைக்கிறது என்று வெளியே தள்ளுகிறோம். அதற்கு மேலுலகத்தில் வரவு வைக்கச் சொல்வது என்ன நியாயம்?

கடோபநிஷத்து தொடங்குவதே இந்த இடத்தில்தான். நசிகேதனின் தகப்பனார் வாஜசிரவஸ், உள்ளதையெல்லாம் கொடுத்துவிடும் வேள்வி செய்கிறார். தானத்துக்கு ஓட்டி வரப்படும் பசுக்களைப் பையன் பார்க்கிறான். தின்ன வேண்டிய புல்லைத் தின்று, குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடித்து, கறக்க வேண்டிய பாலையும் கறந்து முடித்த கிழடுகள். இவற்றைக் கொடுப்பவன் போய்ச் சேரும் உலகத்தில் ஆனந்தம் இருக்காதே என்று அவனுக்குப் படுகிறது. என்னை யாருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்று தகப்பனைத் துளைத்தெடுக்கிறான். எமனுக்கு என்று எரிந்துவிழுகிறார் அவர். அதன்பிறகு எமனோடு நடக்கும் பேச்சைப் பற்றி எத்தனையோ உபன்யாசம் கேட்டிருக்கிறேன். அந்தப் பசுக்களிடம் கொஞ்சம் நின்று பேசியவர் யாரும் இல்லை. பேசினால் சபையில் பாதிப் பேருக்கு அவரவர் வீட்டுப் பரண் ஞாபகம் வந்துவிடும்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழந்துணி மலைமலையாகக் கிடந்தது. ஊர் ஊராகச் சேகரித்து லாரியில் வந்து இறங்கியது. மீனவக் குடும்பங்கள் அதைத் தீண்டவில்லை. இந்த நிலைமையிலும் இவர்களுக்கு இவ்வளவு ரோஷமா என்று படித்தவர்களே பேசியதை என் காதால் கேட்டேன். முந்தின நாள்வரை கடலுக்குப் போய்ச் சம்பாதித்து, பொங்கலுக்குக் கடையில் புதுத்துணி எடுத்தவர்கள் அவர்கள். வீட்டையும் படகையும் அலை கொண்டுபோனால் ஒரே காலையில் பிச்சைக்காரர்களாகிவிட வேண்டுமா? ரோஷம்தான் அங்கே மிஞ்சியிருந்த ஒரே சொத்து. கழித்த துணியை மூட்டை கட்டி அனுப்பியவர்கள் அதையும் கேட்டார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இந்த வழக்கு 1921-லேயே பெரிய மனிதர்கள் இருவரிடையே நடந்திருக்கிறது. அந்த ஆண்டு ஜூலை 31 அன்று பம்பாயில் காந்தி அந்நியத் துணியைக் குவித்துத் தீ மூட்டினார். தாகூருக்கு மனம் ஒப்பவில்லை. அந்தத் துணி நம்முடையதே அல்ல, துணியில்லாதவர்களுடையது, அதை எரிக்க நமக்கு ஏது உரிமை என்பது அவர் கட்சி. காந்தி அக்டோபரில் ‘யங் இந்தியா’வில் பதில் எழுதினார். வேலை இல்லாமல் தவிப்பவனுக்கு வேலை கொடுக்காமல் துணியைக் கொடுப்பது அவனை அவமதிப்பதாகும். மிச்சம் மீதியையும் கழித்த உடுப்பையும் அவனுக்குக் கொடுக்கமாட்டேன், கொடுத்தால் நல்லதைக் கொடுப்பேன், அவனோடு சேர்ந்து உழைப்பேன் என்பது அதன் சாரம்.

எரித்த விஷயத்தில் நான் இன்றைக்கும் தாகூர் பக்கம். நெய்தவனின் உழைப்பு எந்த நாட்டானுடையதாக இருந்தால் என்ன, அது சாம்பலாவதைப் பார்க்க என்னால் முடியாது. கொடுக்கிற விஷயத்தில் காந்தி சொன்னதற்கு மறுபேச்சில்லை. தில்லியில் 1999-ல் தொடங்கிய கூஞ்ச் என்ற அமைப்பு அந்த வழியில்தான் போகிறது. கிராமத்தில் குளம் வெட்டுகிறவர்கள், பாதை போடுகிறவர்கள் தங்கள் உழைப்புக்கு ஈடாகத் துணியைப் பெற்றுக்கொள்கிறார்கள். வாங்குகிறவர் யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை.

ஆனால் எனக்குப் பிடித்த பதில் பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான விநயத்தில் இருக்கிறது. கோசாம்பியில் உதயண மன்னனின் அந்தப்புரப் பெண்கள் புத்தரின் சீடர் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளைக் கொடுத்துவிடுகிறார்கள். ராஜாவுக்குக் கோபம். இந்தச் சந்நியாசி துணிக்கடை வைக்கப்போகிறாரா என்று நேரிலேயே கேட்டுவிடுகிறான். கந்தல் உடுத்திய பிக்குகளுக்குப் பங்கிடுவேன் என்கிறார் ஆனந்தர். அவர்களின் பழைய ஆடைகள்? மேல்விரிப்பாகும். பழைய மேல்விரிப்பு? மெத்தை உறை. பழைய உறை தரைவிரிப்பு, பிறகு கால்மிதி, பிறகு தூசி தட்டும் துணி. அதுவும் நைந்தால் துண்டு துண்டாக்கி, சேற்றோடு பிசைந்து தரைக்குப் பூசுவோம். ராஜா மனம் குளிர்ந்து இன்னும் ஐந்நூறு கொடுத்தானாம்.

என் பாட்டிக்கு விநயம் தெரியாது. நூல்புடவை நைந்தால் தூளி கட்டுவாள். தூளி இற்றால் பிள்ளைக்கு இடுப்புத் துணி, அப்புறம் அடுப்படியில் கரித்துணி, கடைசியில் திண்ணை மெழுகும் துணி. அவளுக்கு இருந்தது ஒரு டிரங்குப் பெட்டி. அதில் ஒழிக்க ஒன்றும் இருந்ததில்லை.

ஜப்பானியப் பெண்மணி மரீ கோண்டோ வேறு வழி சொல்கிறார். ஒவ்வொரு துணியையும் கையில் எடுத்து, இது மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். நன்றி சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கேள்வி முழுக்க என் மகிழ்ச்சியைப் பற்றியது. அனுப்பிய துணி எங்கே போகிறது, யார் உடுத்துவார், உடுத்த முடியுமா என்பது அதில் இல்லை. காலியான தட்டு அடுத்த ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருக்கும் என்பதும் இல்லை. பீரோ இலேசாவது துறவு ஆகாது. சமணத்தில் இல்லறத்தாருக்குச் சொன்ன ஐந்து விரதங்களில் ஒன்று, எனக்கு இவ்வளவு போதும் என்று உடைமைக்கு முன்கூட்டியே வரம்பு கட்டிக்கொள்வது. அவர்கள் காவல் வைத்தது வாங்குகிற வாசலில். நாம் கழிக்கிற வாசலில் நின்று புண்ணியம் தேடுகிறோம்.

மருமகளுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் ஆசிரமத்துக்குப் போன் போட்டு என்ன தேவை என்று கேளுங்கள். கொடுக்கிற புடவையைத் துவைத்து, ஃபால்ஸ் அடித்து, ரவிக்கைக்கு விட்டுப்போன கொக்கியைத் தைத்து, மடித்துக் கொடுங்கள். நீங்கள் கட்டிக்கொண்டு வெளியே போகக் கூசுகிற ஒன்றை அந்த மூட்டையில் வைக்காதீர்கள். கிழிசலுக்கு உங்கள் அடுப்படியிலேயே வேலை இருக்கிறது.