அச்சமும் நம்பிக்கையும்

மக்களின் நலங்கருதி அவர்களை அச்சுறுத்துதல் அறமாகுமா? சுகாதாரக் கல்வியைத் தம் பணியாகக் கொண்டோர் தவிர்க்கவியலாத வினா இது. ஆபத்தைச் சற்றுப் பெருப்பித்துரைப்பதால் உயிர்கள் காக்கப்படுமெனின், அதிற் குற்றம் யாது என்பர் சிலர்.

இலங்கையின் மலேரியா வரலாறு இவ்வினாவுக்கு ஒளி தருகின்றது. 1934–35 இல் பல்லாயிரவரைப் பலிகொண்ட அந்நோய், 1963 இல் 17 பேரையே பீடித்தது. நோய் மறைய, மருந்து தெளித்தலும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. அச்சம் தூண்டிய செயல் அச்சத்தோடு ஓய்ந்துவிடும் என்பதை இது உணர்த்துகின்றது.

2016 இல் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கையைச் சான்றுப்படுத்தியது. எனினும் நோய்பரப்பும் நுளம்பு அழிந்திலது. பிறநாடு சென்று மீள்வோருடன் கிருமியும் வந்து சேரலாம். ஆகவே, “நோயில்லை, ஆயினும் விழித்திருங்கள்” என்பதே இன்று சொல்லவேண்டிய செய்தி. இதற்குத் துணைநிற்க அச்சம் இல்லை. சொல்வோர் மீதுள்ள நம்பிக்கை ஒன்றே உண்டு. நேற்று மிகைப்படுத்தியவரை இன்று யார் நம்புவர்?

அன்றியும், நன்மைக்காகவே எனினும் பொய்யால் நடத்தப்படுபவன் மந்தையாகின்றான். உண்மையறிந்து நடப்பவனே மனிதனாகின்றான். உடலைக் காக்க முனைவோர் அம்மனிதத் தன்மையைப் பலியிடுதல் தகாது.