சும்மா நடத்தல்

பென்னாகரத்தில் நான் சிறுமியாக இருந்தபோது அம்மா விறகுக்குப் போவாள். விடியும் முன்பே கிளம்பினால் வெயில் ஏறியபின்தான் திரும்புவாள். போகும்போது கையில் கயிறும் கொடுவாளும். வரும்போது தலையில் கட்டு. காட்டுக்குள் அவள் நடந்த தூரத்தை யாரும் அளந்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பௌர்ணமிக்கு அவளைத் திருவண்ணாமலைக்கு அழைத்துப்போனேன். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். எமலிங்கத்தைத் தாண்டியதும் அம்மா சொன்னாள்: "கைய எங்க வெச்சிக்கிறதுன்னே தெரியல பாப்பா. வெறுங்கையா நடந்து பழக்கமில்ல."

எனக்குப் பக்தி குறைவு. ஆனால் அந்த இரவு பிடித்திருந்தது. இரண்டு மணிக்குப் பெண்கள் சாலையோரம் காலை நீட்டி உட்கார்ந்து பிடித்துவிட்டுக்கொள்கிறார்கள், சத்தமாகச் சிரிக்கிறார்கள். எங்கே போகிறாய் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் வேடிக்கையாகத்தான் இருக்கும்: புறப்பட்ட இடத்துக்கே போகிறோம்.

கடவுள் பெயரால் கிடைக்கும் இரவு நம்முடையதா? இரவல்தான் என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அம்மாவின் வெறுங்கையைப் பார்த்தபின் அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை. இரவல் வாங்கிய புடவையும் உடம்புக்குக் கதகதப்புத்தானே. ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறுவாரம் அதே சாலையில் அதே நேரத்தில் ஒருத்தி தனியாக நடந்தால், அவளிடம் எத்தனை கேள்விகள்!

ஸ்காட்லாந்தில் 2003இல் இயற்றிய ஒரு சட்டம், பெரும்பாலான மலைகளிலும் காடுகளிலும் பொறுப்போடு நடந்து திரியும் உரிமையை எல்லோருக்கும் தந்தது. இருட்டின் பயத்தை எந்தச் சட்டமும் எடுத்துவிடாது. ஆனாலும், பொழுதுபோக்காக நடப்பதையும் ஓர் உரிமையாக எழுதியே வைத்திருக்கிறார்கள்.

நம்மிடம் இருப்பது ஔவையின் கதை. அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி; ஔவை எங்கள் ஊர்ப்பக்கம் நடந்தவள் என்ற பெருமை எனக்கு உண்டு. புறநானூற்றில் அவள் அரசனோடு கள் பகிர்ந்தவள், தூது போனவள். பின்னால் வந்த கதையோ, இளமையிலேயே முதுமையை வேண்டிப் பெற்றாள் என்கிறது. ஊர் ஊராகத் திரியும் பெண்ணைக் கிழவியாக்காமல் அந்தக் கதையால் நிம்மதியாகத் தூங்க முடியவில்லை. இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள், "அப்போ நாங்க எத்தனை வயசு வரைக்கும் காத்திருக்கணும் மேடம்?" நான் பாடத்துக்குத் திரும்பிவிட்டேன்.

போன மாதம் ஒகேனக்கல் சாலையில் மாலையில் நடந்துகொண்டிருந்தேன். பழைய மாணவன் ஒருவன் வண்டியை நிறுத்தினான். "எங்க மேடம், தனியா? ஏறுங்க, விட்டுடறேன்." நல்ல பையன்.

சும்மாதான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மருந்துக் கடைக்குப்பா. பக்கத்துலதான், நீ போ."

மருந்துக் கடை எதிர்த்திசையில் இருக்கிறது.