விழுந்த தேதி

இடிந்துபோன கட்டடத்தை அச்சு அசலாக மறுபடியும் எழுப்பி நிறுத்தினால், அது பழைய கட்டடமா, புதிய கட்டடமா? வேலையற்றவன் கேள்வி என்று தோன்றலாம். ஆனால் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மேரி கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

மேரி என்றால் பிரெஞ்சு மொழியில் நகராட்சி மன்றம். 1870-71ல் கட்டியது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடற்காற்றைத் தாங்கி நின்றது. 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. பிறகு பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு, முந்தைய தோற்றத்திலேயே, ஏறத்தாழ 15 கோடி ரூபாய் செலவில் எழுப்பினார்கள். 2021ல் திறப்பு விழாவும் நடந்தது.

"இது வெறும் வேஷமல்லவா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். 1902ல் விழுந்த மணிக்கூண்டை வெனிஸ் நகரத்தார் 1912ல் பழையபடியே எழுப்பிவிட்டார்கள். நம் முன்னோரும் ஜீர்ணோத்தாரணம் என்று சொல்லிச் சிதைந்த கோயில்களைப் புதுப்பித்தவர்கள்தாம். கல் மாறலாம், ஊராரின் கண்ணில் பதிந்த உருவம் மாறாதிருந்தால் போதும்.

என் சங்கடம் வேறு. தூணின் உயரத்தையும் ஜன்னலின் அகலத்தையும் கண்டு சொல்வதோடு சரித்திர ஆராய்ச்சி முடிந்துவிடுமா? எப்படிக் கட்டினார்கள் என்று கேட்கிற ஆராய்ச்சி, எப்படி விழவிட்டோம் என்றும் கேட்க வேண்டாமா? பழைய கட்டடம் எதுவும் ஒரே நாளில் சாவதில்லை. தளத்தில் ஒரு வெடிப்பு, அதில் மழைநீர், சுண்ணாம்புக் காரை கரைகிறது, சுவரில் அரசங்கன்று வேர் விடுகிறது. 'அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்' என்று யாரோ சொல்கிறார்கள். கட்டடத்தின் சரித்திரத்தில் இதுவும் ஓர் அத்தியாயம்தான்.

புதுச்சேரிக்கு அருகே, விழுப்புரம் மாவட்டத்தில் இரும்பை என்ற ஊர். சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. ஊரார் கடுவெளிச் சித்தரை ஏளனம் செய்ததாகவும், அவர் மனம் நொந்து பாட, லிங்கம் வெடித்ததாகவும் கதை. வெடித்த லிங்கத்தை அகற்றிவிடவில்லை. செப்புத் தகட்டால் பிணைத்துப் பூஜை செய்து வருகிறார்கள். செம்பைப் பார்க்கிறவன் காரணம் கேட்கிறான். கதையோடு ஊரின் குற்றமும் வெளியே வந்துவிடுகிறது.

மேரிக்குச் செப்புத் தகடு வேண்டாம். 1871க்கும் 2021க்கும் நடுவே 2014 என்ற எண்ணும், போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி, எந்நாளும் இருக்கட்டும். நாளை சுவரில் ஒரு வெடிப்பைக் காணும் சிப்பந்தியை அது சும்மா இருக்கவிடாது.